காற்று 6 நாட், விமானம் ஓடுபாதைக்கு வெளியே: புழுதிச் சுழலா, என் தவறா?

இடதுஇருக்கை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். சொந்த ஊர் மதுரை. இப்போது அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸ் நகரத்துக்குத் தெற்கே ஒரு சிறிய விமானத் தளத்தில் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை 34 மணி நேரம் பறந்திருக்கிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். திட்டுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் 1.20. செஸ்னா 152இல் தனியாகத் தரையிறக்கப் பயிற்சி. வெப்பம் 41 டிகிரி. தானியங்கி வானிலை அறிவிப்பு, காற்று 6 நாட் (மணிக்கு 11 கிலோமீட்டர்), ஓடுபாதைக்குக் கிட்டத்தட்ட நேராக என்றது. மேகம் இல்லை.

இறுதி அணுகுமுறையில், அதாவது ஓடுபாதையை நோக்கிய கடைசி இறக்கத்தில், 60 நாட் பிடித்து வந்தேன். இடப்பக்கம் உழுதுபோட்டிருந்த வயலில் பழுப்பு நிறத்தில் ஒரு தூண் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு பனை உயரம் இருக்கும். ஓடுபாதையை நோக்கித்தான் நகர்ந்தது. நான் 200 அடிக்கு இறங்கியபோது அது தார் விளிம்பைத் தொட்டது, தொட்டதும் காணாமல் போனது. அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கினேன்.

தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது மூக்கைத் தூக்கத் தொடங்கினேன். கட்டுப்பாட்டுப் பிடியை நான் வேகமாக இழுக்கவில்லை. ஆனால் ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று சொல்லும் ஒலி) ஊளையிட்டது. இடது இறக்கை விழுந்தது, மூக்கு வலப்பக்கம் திரும்பியது, சக்கரம் தரையில் அடித்தது. பிறகு வலப்பக்கம் ஓடுபாதையை விட்டு இறங்கி, இரண்டு விளிம்பு விளக்குகளுக்கு நடுவே மண்ணில் நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது இறக்கை நுனி உரசியிருக்கிறது, மூக்குச் சக்கரத் தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டுமாம்.

பயிற்சிப் பள்ளி எழுதிய அறிக்கையில் ஒரே வரி: "காற்று லேசானது, மாணவி திசைக் கட்டுப்பாட்டை இழந்தார்." பழுதுச் செலவும் என் தலையில். என் கேள்வி இதுதான். 6 நாட் காற்று என்று அறிவித்த நேரத்தில் 750 கிலோ விமானத்தைத் தூக்கிப் போடும் காற்று அங்கே இருந்திருக்க முடியுமா? அல்லது நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேனா?

நாற்பதாண்டுப்பறவை | ஞாயிறு, இரவு 10.05

உயிரோடு இருக்கிறீர்கள், நல்லது. இனி உண்மையைச் சொல்கிறேன். நான் ஆயிரக்கணக்கான தரையிறக்கங்களை மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். "திடீரென்று காற்று அடித்தது" என்று சொல்லாத மாணவனை நான் கண்டதில்லை. மூக்கு வலப்பக்கம் போனால் இடது ரட்டரை, அதாவது வாலின் திசைத்தகட்டைத் திருப்பும் மிதியை, மிதிக்க வேண்டும். மிதித்தீர்களா? அதைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு சொல்கூட இல்லையே.

கரிசல்காட்டான் | திங்கள், காலை 6.50

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும் என்கிற ஆள். ஆனால் "தார் விளிம்பைத் தொட்டதும் காணாமல் போனது" என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண் எங்களுடையது. சித்திரை, வைகாசியில் காடெல்லாம் வெறும் தரையாகக் கிடக்கும்போது நாளுக்கு நாலு பேய்க்காற்று வரும். களத்தில் வற்றல் காயப்போட்டிருந்தால் வீட்டில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். சாக்கோடு தூக்கிக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தூ தூ என்று துப்ப வேண்டும், துப்பினால் பேய் விலகிப் போகும் என்பாள் எங்கள் ஆச்சி.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே தார்ச்சாலை. கிழக்குக் காட்டிலிருந்து புழுதித்தூணாக வருவது சாலையோரம் வந்ததும் மறைந்துவிடும். நாலு எட்டு தள்ளி, மேற்குக் காட்டில் மறுபடி எழும். சிறுவயதில் அது இரண்டு பேய்கள் என்று நினைத்தோம். ஒருநாள் பஸ்ஸுக்காகச் சாலை நடுவில் நின்ற பெரியவர் ஒருவரின் துண்டு தோளிலிருந்து கிளம்பி நேராக மேலே போனது, வேட்டி தலைக்கு மேலே விரிந்தது. அவரைச் சுற்றி ஒரு பொட்டுத் தூசி இல்லை. அன்றைக்குத்தான் ஒரே பேய்தான் சாலையைக் கடக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது.

ஓடுபாதையும் தார்தானே அம்மா?

வெப்பமானி | திங்கள், காலை 8.30

கரிசல்காட்டான் ஐயா பாதி வேலையை முடித்துவிட்டார். வானிலைத் துறையில் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மீதியைச் சொல்கிறேன்.

நாம் பார்ப்பது சுழலை அல்ல, அது தூக்கிய புழுதியை. புழுதி கிடைக்கும் இடத்தில் அதற்கு உடம்பு இருக்கும், தாரிலும் கான்கிரீட்டிலும் புல்லிலும் இருக்காது. தார் விளிம்பில் உங்கள் சுழல் அணையவில்லை மகளே, புழுதிதான் தீர்ந்துபோயிற்று. வெயிலில் காய்ந்த தார் வயலைவிடச் சூடானது. அதனால் அங்கே அது வலுவிழக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இது உருவாகும் விதம்: காற்று 41 டிகிரியில் இருக்கும்போது நண்பகல் பாலைத் தரை 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். தரையை ஒட்டிய சில மீட்டர் காற்று மட்டும் சூடேறி லேசாகிவிடும், அதற்கு மேல் ஒப்பீட்டளவில் கனமான காற்று உட்கார்ந்திருக்கும். அடுப்பில் கஞ்சி கொதிப்பதுபோல எங்காவது ஓரிடத்தில் அடிக்காற்று பீறிட்டு மேலே கிளம்பும். காலியான இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று உள்ளே ஓடி வரும். வரும் காற்றில் ஏற்கெனவே ஏதோ ஒரு சிறு திருப்பம் இருக்கும், ஒரு கட்டடமோ வரப்போ ஏற்படுத்தியது. ஆரம் சுருங்கச் சுருங்க அந்தத் திருப்பம் வேகமெடுக்கும். சுழல்நாற்காலியில் கையை விரித்துக்கொண்டு சுற்றுகிறவர் கையை மடக்கியதும் வேகமாகச் சுற்றுவாரே, அதே கணக்கு.

இதற்கு மேகம் வேண்டாம், புயல் வேண்டாம். பலமான காற்று வீசினால் சூடான அடுக்கு கலைந்துபோய் இது உருவாகவே உருவாகாது. லேசான காற்றுள்ள தெளிந்த நாள்தான் இதற்குத் தோது. அறிக்கையில் உள்ள 6 நாட் உங்களுக்கு எதிரான சாட்சி என்று பள்ளி நினைக்கிறது. என் கண்ணுக்கு அது ஆதரவான சாட்சி. 41 டிகிரி, மேகமில்லை, 6 நாட், பிற்பகல் 1.20. இதைவிடப் பொருத்தமான நேரத்தை நான் கேட்டு வாங்கினாலும் கிடைக்காது. 1960களில் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் உங்கள் அரிசோனாவிலேயே டூசான் பகுதியில் இவற்றை எண்ணியும் அளந்தும் பார்த்தார். அவர் கண்ட உச்ச நேரம் பிற்பகல் 1 மணியை ஒட்டியதுதான்.

வேகம்? பெரும்பாலானவை விளையாட்டுப் பிள்ளைகள். ஆனால் நன்றாக வளர்ந்த ஒன்றில் 35, 40 நாட் வரை இருக்கலாம். 2000 செப்டம்பர் 14 அன்று அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் கண்காட்சித் திடல் ஒன்றைப் புரட்டிப்போட்ட சுழலில், சேதத்தை வைத்து மணிக்கு 120 கிலோமீட்டர் வரை காற்று அடித்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பலர் காயமடைந்தனர். 2003இல் மெய்ன் மாநிலத்தில் ஒரு கட்டடத்தின் கூரையையே கிளப்பியது, ஒருவர் இறந்தார்.

இன்னொன்று. விமானத் தளங்களுக்கான மெட்டார் என்ற வானிலை அறிக்கையில் புழுதிச் சுழலுக்கென்று பி.ஓ. என்ற தனிக் குறியீடு உண்டு. தானியங்கி நிலையம் அதை எழுதாது. அதன் காற்றுமானி ஒரு கம்பத்தின் உச்சியில் ஓரிடத்தில் நிற்கிறது. இருபது மீட்டர் அகலச் சுழல் முந்நூறு மீட்டர் தள்ளிப் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு மனிதர் பார்த்துச் சேர்த்தால்தான் உண்டு. அறிக்கையில் இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

நாற்பதாண்டுப்பறவை | திங்கள், காலை 9.15

வானிலையாளர் ஐயாவுக்கு வணக்கம். சுழல் இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்ததா என்பது வேறு. அத்துடன், அவர் கண்ணால் பார்த்த ஒன்றை நோக்கி இறங்கினார். வயலில் தூண் தெரிந்த அந்த நொடியிலேயே த்ராட்டிலை (எஞ்சின் வேகப் பிடியை) முழுக்கத் தள்ளி, இறங்காமல் மேலேறி இன்னொரு சுற்றுக்குப் போயிருக்க வேண்டாமா?

கீழடிக்காற்று | திங்கள், காலை 10.02

வட அரைக்கோளத்தில் எல்லாச் சுழலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தானே சுற்றும்? அப்படியானால் எந்தப் பக்கம் ஆபத்து என்று விமானிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே.

வெப்பமானி | திங்கள், காலை 10.20

அது சூறாவளிக்கு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமும் பல நாள் ஆயுளும் உள்ள சமாச்சாரத்தில்தான் பூமியின் சுழற்சி கை வைக்கும். இருபது மீட்டர் அகலத்துக்கும் ஐந்து நிமிட ஆயுளுக்கும் பூமி சுற்றுவது ஒரு பொருட்டே அல்ல. இடமும் வலமும் ஏறக்குறையச் சரிபாதி. குளியலறைத் தொட்டித் தண்ணீர் அரைக்கோளத்துக்கு ஒரு திசையில் சுழன்று வடியும் என்ற கதையும் இதே ரகம்தான், அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

நாட்கணக்கு | திங்கள், பகல் 12.45

விமானப் பொறியியல் மாணவன். ஓர் அரைத்தாள் கணக்கு போட்டேன். நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர், மற்றவர்களுக்காக.

அக்கா எழுதியதை அடையாளமாக வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். மூன்று அடையாளங்கள்: பிடியை வேகமாக இழுக்காமலே ஸ்டால் எச்சரிக்கை, இடது இறக்கை விழுந்தது, மூக்கு வலப்பக்கம்.

பலர் நினைப்பதுபோலச் சுழலின் நட்டநடுவே புகுந்தால் முதலில் எதிர்காற்றும் பிறகு பின்காற்றும் வராது. நடுவே புகுந்தால் சுழலும் காற்று குறுக்கே அடிக்கும், முதல் பாதியில் ஒரு பக்கமிருந்து, அடுத்த பாதியில் மறுபக்கமிருந்து. எதிர்காற்று அல்லது பின்காற்று கிடைப்பது ஓரமாக உரசிப்போகும்போது. எந்த ஓரம் என்பதைப் பொறுத்து ஒன்று கை கொடுக்கும், மற்றது காலை வாரும்.

சுழல் அக்காவின் இடப்பக்கம் இருந்தது, மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதன் வலது விளிம்பில் காற்று விமானம் போகும் திசையிலேயே ஓடும். அது பின்காற்று. 20 நாட் என்றால், மூக்கு தூக்கும்போது இருந்த 50 நாட் ஒரே மூச்சில் 30 ஆகிவிடும். 152இன் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்காமல் போகும் வேகம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) போட்டால் 43 நாட் அளவில். எச்சரிக்கை ஊளையிட்டதற்கு விடை கிடைத்துவிட்டது.

தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50இலிருந்து 30 என்றால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், 36 சதவீதம். இடது இறக்கை நுனி சுழலின் மையத்துக்கு அருகில் இருக்கிறது, அங்கே பின்காற்று இன்னும் வலுவாக இருக்கும். எனவே இடது இறக்கை முதலில் விழும்.

மூக்கு? தரையை ஒட்டிய காற்று மையத்தை நோக்கி உள்ளே ஓடுகிறது என்று வெப்பமானி ஐயா சொன்னார். மையம் இடப்பக்கம் என்றால் விமானத்துக்கு அது வலப்பக்கமிருந்து அடிக்கும் குறுக்குக் காற்று. காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்புவது வால்துடுப்பின் குணம். மூக்கு வலப்பக்கம்.

மூன்று அடையாளமும் ஒரே படத்தில் பொருந்துகின்றன. கையின் தவறாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு மூன்று தனித்தனித் தவறுகள் ஒரே நொடியில் நடந்திருக்க வேண்டும்.

நொடி என்றதும் நினைவுக்கு வருகிறது. 50 நாட் என்றால் நொடிக்கு 26 மீட்டர். 15 மீட்டர் அகலச் சுழலைக் கடக்க அரை நொடிக்குச் சற்று மேல். இடது ரட்டரை மிதித்தீர்களா என்று பெரியவர் கேட்டார். மிதித்து முடிப்பதற்குள் சுழல் போயிருக்கும், மிதித்த ரட்டர் மட்டும் மிஞ்சியிருக்கும்.

நாற்பதாண்டுப்பறவை | திங்கள், பிற்பகல் 1.30

தம்பி, அழகான கணக்கு. ஆனால் 20 நாட் என்பதை நீங்களே எடுத்து வைத்துக்கொண்டீர்கள். 10 என்று வைத்தால்?

நாட்கணக்கு | திங்கள், பிற்பகல் 1.52

10 என்றால் 50 நாட் 40 ஆகும். அப்போதும் 43க்குக் கீழேதான் ஐயா. மூக்கு தூக்கும் நேரத்தில் விமானத்தின் கையிருப்பே அவ்வளவுதான்.

திருப்புளி | திங்கள், மாலை 5.10

ஹாங்கரில் பத்தொன்பது ஆண்டுகளாக எண்ணெய்க் கையோடு நிற்கிறவன். பறப்பதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை, பறந்து வந்ததைப் பார்த்துத்தான் பிழைப்பு.

மகளே, முதலில் ஒரு வேலை. மூக்குச் சக்கரத் தண்டை மட்டும் பார்த்துவிட்டு விடவிடாதீர்கள். மூக்கால் அடித்த செஸ்னாவில் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள நெருப்புத் தடுப்புத் தகட்டில் சுருக்கம் விழும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால்தான் தெரியும், நேராகப் பிடித்தால் வழவழவென்று ஏமாற்றும். புரொபெல்லர் நுனியில் மண் உரசிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிய கதை.

இரண்டாவது, எல்லோரும் பறக்கும் விமானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நிற்கும் விமானத்தையும் இந்தக் காற்று விடாது. வெற்று 152 ஐந்நூறு கிலோகூட இல்லை. நாட்கணக்குத் தம்பியின் சூத்திரத்தையே போட்டால், அந்த எடையில் 35 நாட் காற்றில் இறக்கை விமானத்தைத் தூக்கப் பார்க்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சாப்பாட்டு நேரத்தில் "ஐந்து நிமிடம்தானே" என்று கட்டாமல் விட்ட விமானம் ஒன்று தன்னைத்தானே கால்வட்டம் திருப்பிக்கொண்டு பக்கத்து விமானத்தின் இறக்கை மேல் ஏறி உட்கார்ந்தது. வானம் நீலமாக, இலைகூட அசையாமல் இருந்த நாள். நாங்கள் தயிர்சாதத்தோடு வெளியே ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் கட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கட்டுப்பாட்டுப் பூட்டு. பூட்டு போடாவிட்டால் வாலில் உள்ள எலிவேட்டரும் இறக்கையில் உள்ள எலிரானும் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். கீல் வளைந்தது அடுத்தவன் பறக்கும்போதுதான் தெரியும். பிட்டோ குழாய்க்கு உறை போடுங்கள். அதில் புழுதி புகுந்தால் வேகமானி பொய் சொல்லும்.

செம்பருந்து | திங்கள், இரவு 8.15

இங்கே எல்லோரும் இதை எதிரியாகவே பார்க்கிறீர்கள். பாராகிளைடர், அதாவது துணி இறக்கையில் தொங்கிப் பறக்கும் கட்சியிலிருந்து ஒரு குரல்.

எங்களுக்கு எஞ்சின் கிடையாது. மேலே போக வேண்டுமானால் சூடாக ஏறும் காற்றுத்தூணைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது. புழுதிச் சுழல் என்பது அந்தத் தூணின் அடிவேர், "இங்கே ஏறுகிறது" என்று யாரோ பலகை மாட்டி வைத்ததுபோல. கிளைடர் விமானிகள் ஆயிரம் அடிக்கு மேலே இருந்தால் அதைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள். நமக்கு முன்னாலேயே பருந்து போய்ச் சேர்ந்திருக்கும், இறக்கையை அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டு.

உள்ளே சுற்றும்போது சுழலின் திசைக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். எதிர்காற்றில் தரைவேகம் குறைவதால் வட்டம் சிறிதாகும், தூணுக்குள்ளேயே இருக்கலாம். காற்றோடு சேர்ந்து சுற்றினால் வட்டம் பெரிதாகி வெளியே வீசிவிடும்.

ஆனால் இதெல்லாம் உயரத்தில்தான். கீழே இருக்கும்போது அது எமன். கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். பாராகிளைடிங் உலகத்தில் பேர்பெற்ற இடம், பயத்துக்கும் பேர்பெற்றது. கிளம்பும் இடத்தில் துணியை விரித்துப் போட்டிருந்தோம். யாரோ ஒருவர் "டஸ்ட் டெவில்!" என்று புழுதிச் சுழலின் ஆங்கிலப் பெயரைக் கத்தினார். அந்த நொடியில் எல்லோரும் தத்தம் துணி மேல் குப்புற விழுந்தார்கள். நானும் விழுந்தேன். முகத்தில் சரளைக்கல் அடித்தது, காது அடைத்ததுபோல் இருந்தது, பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் என் பக்கத்தில் இருந்தவருடைய தண்ணீர் பாட்டிலைக் காணோம். எங்களோடு விழாத ஒரே பொருள் அதுதான்.

கயிறு மாட்டிய நிலையில் துணி விரிந்து அந்தச் சுழல் பிடித்திருந்தால் மனிதனையும் சேர்த்துத் தூக்கியிருக்கும். துணி மடங்கினால் மீள்வதற்கு உயரம் வேண்டும், தரைக்குப் பக்கத்தில் அது ஏது?

கீழடிக்காற்று | திங்கள், இரவு 8.40

அரிசோனாவில் நகரத்தையே மூடுமே ஒரு பழுப்புச் சுவர், வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?

வெப்பமானி | திங்கள், இரவு 9.05

இல்லை. அது ஹபூப். இடிமழை மேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி, புழுதியைத் தள்ளிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் வரும். பருவமழைக் காலத்து மாலைகளில் வரும், ரேடாரில் தெரியும், முன்னெச்சரிக்கை கொடுக்கலாம், விமானத்தை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாம். புழுதிச் சுழலுக்கு எச்சரிக்கை மணி கிடையாது. வரும், ஐந்து நிமிடம் ஆடும், போய்விடும். அளவில் ஹபூப் யானை, இது குளவி. குளவி கொட்டுவதற்கு முன் தெரிவதில்லை.

கரிசல்காட்டான் | செவ்வாய், காலை 6.30

பெயர் விஷயத்தில் ஒரு முறையீடு. செய்தித்தாளில் "புழுதிப் பிசாசு" என்று மொழிபெயர்த்து எழுதுகிறார்கள். பேய்க்காற்று என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே, எதற்குக் கடன்? சங்கப் பாட்டில் பாலை நிலத்துக் காற்றுக்குச் சூறை என்றே பேர். அந்தச் சூறையைத்தான் நாம் கடல் புயலுக்குத் தானம் கொடுத்துவிட்டோம். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதை வில்லி வில்லி என்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செம்பருந்து | செவ்வாய், காலை 7.10

வில்லி வில்லி என்ற சொல் அங்கே அரசு விபத்து விசாரணை அறிக்கைகளிலேயே வரும் ஐயா. நம் அறிக்கைகளில் பேய்க்காற்று என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்?

நாட்கணக்கு | செவ்வாய், காலை 7.48

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க் கோளிலும் இவை உண்டு. 2021 செப்டம்பர் 27 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மேலேயே ஒன்று கடந்து போனது. 25 மீட்டர் அகலம், குறைந்தது 118 மீட்டர் உயரம். அப்போது ஒலிவாங்கி திறந்திருந்ததால், மணல்துகள்கள் ஊர்தியில் அடிக்கும் சத்தம் பதிவாகியிருக்கிறது. கேட்டுப் பாருங்கள், முறத்தில் அரிசி விழுவதுபோல் இருக்கும்.

விலகலிலிருந்து திரும்பி வருகிறேன். கோள்களின் காற்றை ஆராயும் ரால்ஃப் லோரன்ஸ், மெலிசா மையர்ஸ் என்ற இன்னொருவருடன் சேர்ந்து, 2005இல் அமெரிக்க விமான விபத்து அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்து புழுதிச் சுழல்களால் நேர்ந்தவற்றைத் தொகுத்து எழுதினார். ஆக, அக்காவின் பள்ளி நினைப்பதுபோல இது யாரும் கேள்விப்படாத சாக்கு அல்ல.

வெப்பமானி | செவ்வாய், காலை 8.20

விலகல் என்றால் நானும் ஒன்று. 1755இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மேரிலாந்தில் குதிரையில் போகும்போது ஒரு சுழலைக் கண்டார். கூட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், இவர் மட்டும் துரத்திக்கொண்டு போய்ச் சாட்டையால் அடித்துப் பார்த்தார். அது உடையவில்லை. தூ தூ என்று துப்பிப் பார்த்திருக்கலாம், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

நாற்பதாண்டுப்பறவை | செவ்வாய், காலை 9.00

நேற்று இரவு என் பழைய பறத்தல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கோடை மதியங்களில் "முரட்டுத் தரையிறக்கம், மாணவர் தவறு" என்று நானே எழுதிய வரிகள் ஏழு எட்டு இருக்கின்றன. அவற்றில் எத்தனை மாணவர் தவறு என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் ஏன் சுற்றுக்குப் போகவில்லை என்ற என் கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை. தூண் ஓடுபாதையை நோக்கி வருவதை 200 அடிக்கு மேலேயே பார்த்தாயிற்று. ஒரு சுற்று கூடுதலாகப் போனால் ஆறு நிமிடம். சுழல் அவ்வளவு நேரம் காத்திருக்காது. இதற்குக் கூடுதல் வேகம் பிடித்து இறங்குவது மருந்தல்ல, கூடுதல் வேகத்தோடு ஓடுபாதை நெடுக மிதந்துகொண்டே போவீர்கள், சுழல் அங்கேயும் வரும். மருந்து காத்திருப்பதுதான். காலை பத்து மணிக்குள் பறந்து முடித்துவிடுவது அதைவிட நல்ல மருந்து.

ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போது வந்தால்: நின்றுவிடுங்கள், பிரேக்கை மிதியுங்கள், கட்டுப்பாட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடியுங்கள். வானொலியில் சொல்லுங்கள், உங்களுக்குப் பின்னால் இறங்குகிறவன் அதைப் பார்த்திருக்க மாட்டான்.

திருப்புளி | செவ்வாய், காலை 9.25

மகளே, ஒரு யோசனை. சிறிய தளங்களில் எரிபொருள் பம்ப்புக்கு எதிரே திருட்டுக்குப் பயந்து கேமரா வைத்திருப்பார்கள். பம்ப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஓடுபாதையும் விழும். பழைய பதிவு அழிவதற்குள் கேளுங்கள்.

இடதுஇருக்கை | வெள்ளி, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. திருப்புளி ஐயாவுக்கு மதுரையில் ஒரு ஜிகர்தண்டா கடன்பட்டிருக்கிறேன்.

கேமரா இருந்தது. பதிவும் இருந்தது. சத்தம் கிடையாது. எங்கள் தளத்தில் இரண்டு விண்ட்சாக் (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) உண்டு, ஓடுபாதை தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. பதிவில் முதலாவது பாதி நிமிர்ந்து சோம்பலாக ஆடுகிறது. அதுதான் அறிக்கையின் 6 நாட். நடுவில் உள்ளது நேராக விறைத்து எதிர்ப்பக்கம் காட்டுகிறது, அப்படியே ஒரு முழுவட்டம் சுற்றி, தொப்பென்று விழுகிறது. நான்கு நொடி. அது விறைத்த இரண்டாவது நொடியில் படத்தின் ஓரத்தில் என் விமானம் வருகிறது. தாரின் மேல் புழுதி சுத்தமாக இல்லை. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை மட்டும் தரையிலிருந்து எழுந்து சுற்றிச் சுற்றி மேலே போகிறது.

தலைமைப் பயிற்றுநர் மூன்று முறை பார்த்தார். அறிக்கையில் இப்போது "உள்ளூர்க் காற்றுச் சுழல் காரணமாக இருக்கலாம்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பழைய வரியை எடுக்கவில்லை. அதன் கீழே "சுழலைக் கண்டும் அணுகுமுறையைத் தொடர்ந்தார்" என்று இன்னொன்றையும் எழுதினார்கள். நாற்பதாண்டுப்பறவை ஐயா, அதில் நான் மறுக்காமல் கையெழுத்துப் போட்டேன். செலவு பாதிப் பாதி. தடுப்புத் தகட்டில் சுருக்கம் இல்லை, விளக்கைச் சாய்வாகப் பிடித்து நானே பார்த்தேன்.

ரட்டரைப் பற்றி: மிதித்தேன். எப்போது மிதித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

நாளை முதல் காலை 6 மணி விமானம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நாற்பதாண்டுப்பறவை | வெள்ளி, இரவு 10.44

கையெழுத்துப் போட்டது சரி. ஆறு மணி என்றால் ஐந்தரைக்குத் தளத்தில் இருங்கள். கட்டு அவிழ்ப்பதற்கு முன் திருப்புளி சொன்ன கீல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்.

கரிசல்காட்டான் | சனி, காலை 6.40

அந்தப் பிளாஸ்டிக் பை என்ன ஆயிற்று அம்மா?

இடதுஇருக்கை | சனி, காலை 8.05

படத்துக்கு மேலே போய்விட்டது ஐயா. பதிவு முடியும்வரை பார்த்தேன், இறங்கி வரவில்லை.